அத்தியாயம் 6: சட்டியில் என்ன இருக்கிறது?

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். பழைய பிரெஞ்சு ஷான்ஸோன் பாடல்களையும் ஜாஸ் குரலிசையையும் உயர் துல்லிய மறுவெளியீடாக வாங்கப் போகிறவர் இதை மட்டும் மறக்காமல் இருந்தால் பாதிப் பணம் மிச்சம். அட்டையில் அச்சிட்டிருக்கும் 24/96, 24/192 எல்லாம் அகப்பையின் அளவு. சட்டியில் இருப்பது என்ன, அது எந்த ஆண்டு நாடா, அதை யார் எடுத்துப் பார்த்தார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. நாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் முதன்முதலில் வாங்கி ஏமாந்தது எதித் பியாஃபின் ஒரு தொகுப்பு. விற்றவர் பெயர் வேண்டாம். 24/96 என்று போட்டு, சாதாரணக் கோப்பைப் போல இரண்டு மடங்கு விலை வைத்திருந்தார்கள். கேட்கும்போதே உறுத்தியது. ‘ஸ்’ என்ற ஒலி வரும் இடமெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல ஒரு கொழகொழப்பு. கோப்பை ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தைப் போட்டேன். கீழே பாட்டு ஆரஞ்சு நிறத்தில் கொழுந்துவிட்டு எரிந்தது. 16 கிலோஹெர்ட்ஸ் வந்ததும் வரப்பு வெட்டினாற்போல ஒரு நேர்கோடு. அதற்கு மேல் 48 வரைக்கும் கும்மிருட்டு. எவரோ ஒரு எம்பி3 கோப்பை எடுத்துப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி விற்றிருக்கிறார்கள். பாத்திரத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

24/96 என்றால் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். சிடியின் கணக்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஒரு வினாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறோமோ, அதில் பாதி அளவு அதிர்வெண் வரைக்கும் பதியும். ஆகவே சிடியில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். மனிதக் காது 20க்கு மேல் கேட்காது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 15 கேட்டாலே பெரிய விஷயம். பிட் என்பது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள தூரம். 16 பிட்டில் ஏறத்தாழ 96 டெசிபல், 24 பிட்டில் ஏட்டளவில் 144. இனி சட்டிக்கு வருவோம். 1950களின் ஒலிநாடாவில் நாடாவின் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே கிடைப்பது 60 டெசிபலுக்குச் சற்று மேல். அந்த நாடாவில் உள்ள அவ்வளவையும் சிடியிலேயே ஊற்றிவிடலாம். அப்புறமும் இடம் மிச்சம் இருக்கும்.

காதால் வித்தியாசம் தெரியுமா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2007ல் மேயர், மோரன் என்ற இருவர் ஒலிப் பொறியாளர் சங்கத்தின் இதழில் வெளியிட்ட சோதனையில், உயர் துல்லிய ஒலியையும் அதையே சிடி அளவுக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிக் கேட்கச் சொன்னார்கள். 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். 2016ல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது 52.3 சதவீதம் வந்தது. வித்தியாசம் உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் நூலிழைதான்.

அப்படியானால் இந்த அத்தியாயம் எதற்கு? ஒரே பாட்டின் இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் நிஜமாகவே இருக்கிறது என்பதற்காக. அந்த வித்தியாசம் பிட்டில் இல்லை. எந்த நாடாவை எடுத்தார்கள், எந்தக் கருவியில் ஓட்டினார்கள், வெளியீட்டுக்காக ஒலியைச் செப்பனிடும் மாஸ்டரிங் வேலையைச் செய்தவர் எங்கே கை வைத்தார், எங்கே கையைக் கட்டிக்கொண்டு இருந்தார் என்பதில் இருக்கிறது. புது உயர் துல்லிய வெளியீடு சில சமயம் நன்றாக இருப்பதற்குக் காரணம், அதற்காகவே யாரோ பெட்டகத்தைத் திறந்து மூல நாடாவை எடுத்ததுதான். அதே மாஸ்டரிங் சிடியாகவும் வந்திருந்தால் சிடியையே வாங்குங்கள்.

நாடாவுக்கும் தலைமுறை உண்டு

ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது மூல நாடா. அதிலிருந்து இசைத்தட்டு வெட்டுவதற்காக ஒரு நகல் எடுப்பார்கள். தட்டின் பள்ளத்தில் ஊசி துள்ளக் கூடாது என்பதற்காக அந்த நகலில் அடிக்குரலைக் குறைத்திருப்பார்கள், உச்சத்தை அமுக்கியிருப்பார்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பியது நகலின் நகல். சிடி வந்த புதிதில், அலமாரியில் கைக்கு எட்டிய நாடா எதுவோ அதையே போட்டு அனுப்பிய கதைகள் ஏராளம். 1980களின் சிடி ஒன்று சவசவ என்று இருந்தால் பழியைச் சிடி மேல் போடாதீர்கள்.

நாடாவும் கெடும். அசிடேட் நாடா காலம் போகப் போக நொறுங்கும், காடி நாற்றம் அடிக்கும். 1970களின் நடுவிலிருந்து வந்த சில நாடாக்களில் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். 50 டிகிரி வெப்பத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து மணிக்கணக்கில் வாட்டி எடுத்தால்தான் ஒரு தடவை ஓட்ட முடியும். இதையெல்லாம் செய்து எடுத்த வெளியீட்டுக்குக் கூடக் கொஞ்சம் கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

வேகமும் தவறும். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959ல் வந்தது. முதல் பக்கத்தைப் பதிந்த கருவி மெதுவாக ஓடியிருந்ததால் தட்டில் சுருதி சற்று ஏறிக் கேட்டது. 1992ல்தான் வேறொரு நாடாவை எடுத்துச் சரிசெய்தார்கள். முப்பது வருடம் உலகமே ஏறிய சுருதியில் கேட்டு ரசித்திருக்கிறது.

நாடாவிலிருந்து எடுத்ததற்கு ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். சுருட்டி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு பக்கத்துச் சுற்றில் லேசாக ஒட்டும். பாட்டு தொடங்குவதற்கு ஒரு வினாடி முன்னால், முதல் சொல்லின் ஆவி போல எங்கோ தூரத்தில் அதே குரல் கேட்கும். ஹெட்ஃபோனில் நன்றாகத் தெரியும். அதைக் குறை என்று துடைத்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கேட்டால் நிம்மதி.

உரிமை பொது, நாடா பொது அல்ல

ஷான்ஸோன் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவின் உரிமைக் காலம் முன்பு 50 ஆண்டு. 2013ல் அதை 70 ஆக நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே காலம் முடிந்திருந்தவை திரும்ப உரிமைக்குள் வரவில்லை. ஆகவே 1962 முடிய வெளியானவை அங்கே பொதுச்சொத்து. பியாஃப் இறந்தது 1963 அக்டோபரில். அவர் பாடியதில் ஏறக்குறைய எல்லாமே இதில் வந்துவிடும். ழாக் ப்ரெல் ஃபிலிப்ஸ் நிறுவனத்துக்குப் பாடிய காலம், ழார்ஜ் ப்ராசன்ஸின் முதல் தட்டுகள், செர்ழ் கேன்ஸ்பூரின் 1958 முதல் தட்டு, எல்லாம் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் வெளியிடலாம்.

வெளியிடலாமே தவிர, நாடாவைக் கேட்டால் யார் தருவார்கள்? அது பழைய நிறுவனத்தின் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கிறது. ஃபிலிப்ஸ், பார்க்லே நாடாக்கள் கைமாறிக் கைமாறி இப்போது யுனிவர்சல் வசம். பியாஃப் 1946க்குப் பிறகு பாத்தே மார்க்கோனிக்குப் பாடியவை ஈ.எம்.ஐ. வழியாக 2013ல் வார்னருக்குப் போயின. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பழைய தட்டையோ, கடையில் வாங்கிய சிடியையோ, சமயத்தில் எம்பி3யையோ எடுத்து, பெரிய எண்ணைப் போட்டு விற்பார்கள். பழைய கள், புது மொந்தை. ஃப்ரெமோ போல வரலாற்று ஒலிப்பதிவுகளைப் பொறுப்போடு, விரிவான குறிப்பேட்டோடு தருகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

ஆகவே வாங்குவதற்கு முன் அட்டையின் அடியில் பொடி எழுத்தைப் படியுங்கள். வட்டத்துக்குள் ‘பி’ போட்டு ஒரு ஆண்டும் நிறுவனப் பெயரும் இருக்கும். அதுதான் ஒலிப்பதிவுக்கு உரியவர் யார் என்று சொல்லும் இடம். அங்கே கேள்விப்படாத பெயரும், ‘100 சிறந்த பாடல்கள்’ என்ற தலைப்பும், சல்லிசான விலையும் சேர்ந்து இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பியாஃப் ‘லா வி ஆன் ரோஸ்’ பாடியது 1946ல், 78 சுற்றுத் தட்டுக் காலத்தில். அந்தத் தட்டுகளில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பாட்டே கிடையாது, கீறலும் சரசரப்பும்தான். அதை 192ல் விற்பது சரசரப்பை விலைக்குக் கொடுப்பதற்குச் சமம். கீறலை நீக்கும் வேலையின்போது உயர்ந்த அளவில் பதிவது உதவும், அது வேலை செய்கிறவருக்கு. நமக்குச் சிடி அளவு தாராளம். 1960 நவம்பரில் பதிந்த ‘நோன், ழ நெ ரெக்ரெத் ரியான்’ போன்ற கடைசிக் காலப் பாடல்கள் வேறு. அவை நாடாவில் பிறந்தவை. அங்கே நல்ல மறுவெளியீட்டைத் தேடுவதில் அர்த்தம் உண்டு.

ப்ரெல்: ஒரு பாட்டு, இரண்டு பதிவு

ப்ரெல் பெல்ஜியத்துக்காரர். புகழ் பெற்றது பாரிஸில். ‘நெ மெ கித் பா’ பாட்டை 1959ல் ஃபிலிப்ஸுக்குப் பாடினார். 1962ல் பார்க்லே நிறுவனத்துக்கு மாறினார். பத்து வருடம் கழித்து, 1972ல், பழைய ஃபிலிப்ஸ் பாடல்கள் பலவற்றைப் பார்க்லேவுக்காகத் திரும்பப் பாடினார். ‘நெ மெ கித் பா’வும் அதில் ஒன்று, அந்த ஆல்பத்தின் பெயரே அதுதான். அட்டையில் இரண்டுக்கும் ஒரே பாட்டுப் பெயர், ஒரே பாடகர். தொகுப்பு போடுகிறவர்கள் எது என்று சொல்வதே இல்லை. முப்பது வயதில் கெஞ்சுகிறவனும், மேடையை விட்டு விலகிய பிறகு நாற்பதைத் தாண்டி அதே சொற்களைச் சொல்கிறவனும் ஒரே ஆளா? 1972 பதிவு ஒலியில் சுத்தம். அழுகை 1959ல்தான் இருக்கிறது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் நிறைய.

இதற்கு நேர்மாறு ‘ஆம்ஸ்டர்டாம்’. அதை அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதியவே இல்லை. 1964 அக்டோபரில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் பாடியதுதான் தட்டில் இருக்கிறது. ‘ஸ்டுடியோ பதிவு’ என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு வரலாம்.

மறுவெளியீட்டைச் சோதிக்க இதைப் போல ஒரு பாட்டு கிடைக்காது. அக்கார்டியன் மெல்ல முனகத் தொடங்குகிறது. குரல் தரையோடு தரையாக நடக்கிறது. ஒவ்வொரு சரணத்திலும் ஒரு படி ஏறி, கடைசியில் தொண்டை கிழிகிற கத்தல், உடனே அரங்கம் வெடிக்கும் கைதட்டல். ஆடாசிட்டியில் அலைவடிவத்தைப் பார்த்தால் நாதஸ்வரத்தின் அணசு போல இடமிருந்து வலமாக விரிய வேண்டும். அப்படி இல்லாமல் முதலிலிருந்து கடைசிவரை செங்கல் போல ஒரே உயரத்தில் இருந்தால், யாரோ அமுக்கி, மெல்லிய இடத்தைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். ஏறுவதற்குப் படியே இல்லை. அந்தக் கோப்பு 24 பிட் ஆனாலும் சரி, 48 ஆனாலும் சரி, ப்ரெல் அதில் இல்லை.

இரைச்சலைக் கொன்றவர்கள்

1980களின் கடைசியில் கணினி வழி இரைச்சல் நீக்கம் வந்தது. வந்ததும் கைக்குக் கிடைத்தவர்கள் எல்லாம் துடைத்தார்கள். ஷான்ஸோனுக்கு இது பெரிய சேதம். ழார்ஜ் ப்ராசன்ஸின் தட்டில் இருப்பதே ஒரு குரல், கித்தார், பியேர் நிக்கோலாவின் டபுள் பாஸ், அவ்வளவுதான். நரம்பை விட்ட பிறகு ஒலி கரையும் அந்த வாலிலும், மூச்சு இழுக்கும் இடத்திலும்தான் அறை இருக்கிறது. இரைச்சலைத் துடைக்கும்போது அறையும் சேர்ந்து போய்விடும்.

சோதனை சுலபம். பாட்டின் கடைசி மூன்று வினாடியை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கித்தார் மெல்ல மெல்ல நாடா இரைச்சலுக்குள் மூழ்கினால் நல்ல வெளியீடு. கதவைச் சாத்தினாற்போல இரண்டும் ஒன்றாக நின்றால் வேண்டாம். ‘ஸ்ஸ்’ என்ற சீரான ஒலியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பத்து வினாடியில் காது அதை மறந்துவிடும்.

ஒற்றைக் குழாயா, இரட்டையா

1950களின் ஜாஸ் குரலிசையில் மோனோவே மூலம் என்ற நிலை பல இடங்களில் உண்டு. ‘எல்லா அண்ட் லூயி’ 1956 ஆகஸ்டில் ஹாலிவுட்டின் கேப்பிடல் கூடத்தில் பதிந்தது, மோனோவில். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் ஒரே இடத்தில் நின்று பாடுகிறார்கள். பின்னால் ஆஸ்கார் பீட்டர்சன் குழு. ஹெலன் மெரில் 1954ல் கிளிஃபர்ட் பிரவுனோடு பாடியதும் அப்படியே. இவற்றை ‘ஸ்டீரியோ’ என்று விற்றால், 1960களில் இடப்பக்கம் கொஞ்சம் அடிக்குரலும் வலப்பக்கம் கொஞ்சம் மேல்ஸ்தாயியும் தூக்கிச் செய்த போலி ஸ்டீரியோவாக இருக்கலாம். தவிர்த்துவிடுங்கள்.

சில நேரம் இரண்டும் நிஜம். பில்லி ஹாலிடேயின் ‘லேடி இன் சாட்டின்’ 1958ல் மோனோவாகவும் ஸ்டீரியோவாகவும் வந்தது. ஆனால் ‘தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்’ பாட்டு மோனோ தட்டில் உண்டு, முதல் ஸ்டீரியோ தட்டில் இல்லை. பாட்டுப் பட்டியலை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பாரிஸில் 1958 ஜூலையில் குவின்சி ஜோன்ஸின் இசைக்குழுவோடு சாரா வான் பாடிய ‘வான் அண்ட் வயலின்ஸ்’ போன்றவற்றில் ஸ்டீரியோ பிரமாதம். வயலின்கள் விரிந்து நிற்க, நடுவே குரல் தனியே நிற்கும்.

மோனோவைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இழப்பில்லாத ஃப்ளாக் கோப்பில் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றே என்றால் அளவு பாதியாகச் சுருங்கும். மூன்று நிமிடப் பாட்டு 24/96ல் சுருக்காமல் 100 மெகாபைட்டுக்குச் சற்று மேல். ஸ்டீரியோ ஃப்ளாக் அதில் பாதியோ கொஞ்சம் கூடவோ வரும், மோனோ அதிலும் பாதி. ஆனால் மோனோ நாடாவை ஸ்டீரியோ கருவியில் ஓட்டி எடுத்திருந்தால் இரண்டு பக்க இரைச்சலும் கொஞ்சம் வேறுபடும், அளவு சுருங்காது. அதை மோசடி என்று சொல்ல முடியாது.

வீட்டில் சோதிப்பது

ஸ்பெக்ட்ரோகிராமை எப்படிப் படிப்பது? நிஜமாகவே நாடாவிலிருந்து 96ல் எடுத்த கோப்பில், பாட்டு முடிகிற உயரத்துக்கு மேலும் நாடா இரைச்சல் மூடுபனி போல மெல்லப் படர்ந்து மங்கும். 22ல் கத்தியால் வெட்டியது போல நின்றால் சிடியை ஊதிப் பெருக்கியது. 16ல் நின்றால் எம்பி3 என்று சந்தேகிக்கலாம். 20 வாக்கில் சாய்வாக இறங்கினால் ஒன்றும் சொல்வதற்கில்லை, நாடாவின் எல்லையே அதுவாக இருக்கலாம்.

காதுச் சோதனைக்கு ஒரே நிபந்தனை, இரண்டு கோப்பின் சத்தமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலே காது அதை ‘தெளிவு’ என்று நம்பிவிடும். ரீப்ளேகெயின் வசதி உள்ள பிளேயரில் அதைப் போட்டுக்கொண்டு, கோப்பை மாற்றும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். என் வீட்டில் மகள். “அப்பா, இப்ப ஓடறது முதல்ல போட்டதா, ரெண்டாவதா?” ஷான்ஸோன் பாடகி பார்பராவின் ‘லேக்ல் நுவார்’ பாட்டில், ஒரே மாஸ்டரிங்கின் 24/96ஐயும் சிடி அளவையும் வைத்துப் பத்து முறை சோதித்தோம். ஆறு சரி. “பாஸ் மார்க்தான், பரிசெல்லாம் கிடையாது” என்றாள். பழைய சிடியையும் புது மாஸ்டரிங்கையும் வைத்தபோது பத்துக்குப் பத்து.

கருவிகளைப் பற்றி அதிகம் வேண்டாம். புளூடூத்தில் கேட்டால் கோப்பு எதுவானாலும் பெரும்பாலும் வழியில் சுருங்கிவிடும், கம்பி வழியே கேளுங்கள். எண்களை ஒலியாக மாற்ற ஃபோனில் செருகும் சின்ன டாக் (DAC) போதும். ஆப்பிள் மியூசிக்கில் 2021 ஜூனிலிருந்து இழப்பில்லாத ஒலி தனிக் கட்டணம் இல்லாமல் வருகிறது. பாரிஸில் 2007ல் தொடங்கிய கோபஸ் சேவை கோப்புகளை விற்கவும் செய்கிறது. ஸ்ட்ரீமிங்கில் கேட்டுப் பார்த்து, பிடித்த மாஸ்டரிங் எது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். ஜப்பானிலிருந்து வரும் எஸ்.எச்.எம். சிடியில் பிளாஸ்டிக்தான் உசத்தி, உள்ளே இருக்கும் எண்கள் எல்லாச் சிடியிலும் இருக்கும் எண்கள்தான். மாஸ்டரிங் புதியது என்றால் மட்டும் யோசியுங்கள்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், சின்னக் குழுவிலிருந்து. கேன்ஸ்பூரின் ‘கான்ஃபிதான்சியல்’ வெறும் மின் கித்தாரும் டபுள் பாஸும், குரல் காதோரம். பிறகு அவருடைய 1971 ‘இஸ்துவார் தெ மெலோதி நெல்சன்’. தாளக் குழு லண்டனில், வயலின்கள் பாரிஸில், ழான் குளோத் வானியே இசை அமைப்பு. மொத்தம் அரை மணிகூட இல்லை. அடிக்குரல் கித்தாரும் வயலின் கூட்டமும் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்கிற வெளியீடு கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கியதும் கோப்பின் குறிப்புப் பகுதியில் பதிந்த ஆண்டு, மாஸ்டரிங் ஆண்டு, வாங்கிய இடம் மூன்றையும் எழுதிவிடுங்கள். கடைக்காரர்கள் ஆண்டு என்ற இடத்தில் மறுவெளியீட்டு ஆண்டைப் போட்டுவிடுவார்கள். 2013ல் ப்ரெல் பாடியதாக என் கணினி நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அந்த வரியில் ‘1959, ஃபிலிப்ஸ், 72 அல்ல’ என்று இருக்கிறது.